கையுறை, கைக்குட்டை, மணிக்கட்டு

கிராஸ் ஊர் முதலில் பெயரெடுத்தது பூவுக்கு அல்ல, தோலுக்கு. தென் பிரான்சில், கான் கடற்கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், மலைச்சரிவில் இருக்கிறது அந்த ஊர். ஊற்றுத் தண்ணீருக்குப் பஞ்சமில்லாததால் இடைக்காலத்திலேயே தோல் பதனிடுகிறவர்கள் அங்கே தொட்டி கட்டிவிட்டார்கள். கிராஸ் தோல் ஜெனோவாவுக்கும் பீசாவுக்கும் கப்பலேறியது. ஊருக்குள் நுழைகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைந்திருப்பார்கள்.

தோலுக்கு ஒரு குறை உண்டு. எவ்வளவு மென்மையாகப் பதனிட்டாலும் விலங்கின் வாடை அதை விட்டுப் போகாது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கையுறை தைக்கும் தோலில் கஸ்தூரி, புனுகு, அம்பர், பூ ஊறிய கொழுப்பு என்று எதையாவது ஏற்றினார்கள். புளோரன்ஸிலிருந்து பிரெஞ்சு அரச குடும்பத்துக்கு 1533இல் மருமகளாக வந்த காத்தரின் தெ மெதிசி இந்த நாகரிகத்தையும் கூடவே கொண்டுவந்தார் என்பது கிராஸ்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை. காத்தரின்தான் காரணமோ இல்லையோ, அடுத்த நூறு ஆண்டுகளில் பிரான்சில் கையுறைத் தொழிலும் வாசனைத் தொழிலும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. கையுறை தைக்கிறவரே வாசனை விற்கிறவர். இருவருக்கும் சேர்த்து ஒரே தொழில் சங்கம்.

பெண்களின் பூவாசனைக்கு ஐரோப்பாவில் வாய்த்த முதல் பெரிய இருக்கை இந்தக் கையுறை. தோல் கொழுப்பை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், சுலபத்தில் விடாது. அதனால் கையுறையில் ஏற்றிய வாசனை நாள்கணக்கில் நின்றது. அதற்கு விலையும் இருந்தது. தோலின் வாடையை அமுக்கும் அளவுக்குக் கனமாக இருந்தால்தான் வாசனைக்கு அங்கே வேலை. அணியும் இடம் எதுவோ, அதற்கேற்ற வாசனைதான் பிழைத்தது. பிற்பாடு கையுறை போய்க் கைக்குட்டை வந்தபோதும், கைக்குட்டை போய் மணிக்கட்டு வந்தபோதும் இதுவே மறுபடி நடந்தது.

கிராஸில் மல்லிகை வந்து சேர்ந்தது 17ஆம் நூற்றாண்டில். வந்தது நம்மூர்க் குண்டுமல்லி அல்ல. பிச்சி என்றும் சாதிமல்லி என்றும் நாம் சொல்லும் கொடி. தெற்காசியாவைச் சேர்ந்த இந்தச் செடி ஸ்பெயின் மல்லிகை என்ற பெயரோடு ஐரோப்பாவில் பரவியது. கிராஸின் குளிரை அது தாங்காது என்பதால், குளிர் தாங்கும் இன்னொரு மல்லிகை வகையின் வேரில் ஒட்டுக் கட்டி வளர்த்தார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த சம்பங்கியும், நூறிதழ் ரோஜாவும், ஆரஞ்சுப் பூவும் பக்கத்து வயல்களில் சேர்ந்துகொண்டன.

1759இல் பிரெஞ்சு அரசு தோலின் மீது கடும் வரி போட்டது. கிராஸின் தோல் தொழிலுக்கு அது பெரிய அடி. ஆனால் தோலுக்கு வாசனை ஏற்றுவதற்காக வைத்திருந்த பூந்தோட்டங்களும் கொழுப்புக் கொப்பரைகளும் கைத்திறனும் அப்படியே இருந்தன. 1768இல் ஆன்த்வான் ஷிரிஸ் அங்கே வாசனைப் பொருள் நிறுவனம் தொடங்கினார். துணைத் தொழிலாக இருந்தது முதல் தொழிலானது. கையுறை ஊரைவிட்டுப் போயிற்று, பூ நின்றுவிட்டது.

பூவிலிருந்து மணத்தைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. ரோஜாவையும் லாவெண்டரையும் கொதிநீராவியில் வாலை வடித்துவிடலாம். மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் அந்தச் சூடு ஆகாது, மணம் கெட்டுவிடும். ஆனால் இந்த இரண்டு பூவுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. செடியிலிருந்து பறித்த பிறகும் பல மணி நேரம் அவை மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கிராஸ்காரர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மரச்சட்டத்தில் கண்ணாடிப் பலகை, அதன்மேல் பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் கலந்து ஒரு பூச்சு, அந்தப் பூச்சின்மேல் ஒவ்வொரு பூவாகக் கவிழ்த்து அடுக்குவது. மறுநாள் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ. மல்லிகைக் காலம் முழுக்க, வாரக்கணக்கில் இது நடக்கும். ஒரு கிலோ கொழுப்பு இரண்டு மூன்று கிலோ பூவின் மணத்தைக் குடித்துவிடும். கடைசியில் அந்தக் கொழுப்பைச் சாராயத்தில் கழுவினால் மணம் சாராயத்துக்கு வந்துவிடும்.

இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வயலில் பறித்தவர்களும் அவர்கள்தான். ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் வரை, வெயில் ஏறுமுன் பறித்து முடிக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 8,000 முதல் 10,000 பூ பிடிக்கும்.

19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் இந்தப் பூச்சாரம் போய்ச் சேர்ந்த இடம் கைக்குட்டை. நாகரிகமான பெண் தன் சருமத்தில் நேரடியாக வாசனை பூசுவதை அன்றைய சமூகம் அவ்வளவாக ரசிக்கவில்லை. பாட்டிலில் இருந்ததைச் சில துளி கைக்குட்டையில் விட்டுக்கொண்டால் போதும். தேவைப்பட்டால் மறுபடி விட்டுக்கொள்ளலாம். எந்தப் பூ என்பதற்கும் சட்டம் இருந்தது. கலியாணமாகாத பெண்ணுக்கு வயலட் போன்ற அடக்கமான பூ. மல்லிகையும் சம்பங்கியும் கஸ்தூரியும் கனத்த வாசனைகள், குடும்பப் பெண்ணுக்குப் பொருந்தாதவை என்று நடத்தை நூல்கள் கண்டித்தன.

துணியில் வாசனை நடந்துகொள்ளும் விதம் வேறு. அதில் உடம்பின் சூடு நேரடியாகப் படுவதில்லை, எண்ணெய்ப் பசையும் இல்லை. விட்ட வாசனை மெதுவாக, அதிக மாற்றமில்லாமல் வெளியேறும். அதனால் ஒரே பூவின் சாரமே கைக்குட்டைக்குப் போதுமானதாக இருந்தது. அந்த நூற்றாண்டின் விலைப்பட்டியல்கள் ரோஜா, வயலட், ஹீலியோட்ரோப் என்று தனித்தனிப் பூக்களால் நிறைந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே நூற்றாண்டின் பிற்பாதியில் ஆய்வுக்கூடம் பூந்தோட்டத்துக்குள் நுழைந்தது. கிராஸில் பெட்ரோலிய ஈதரை வைத்துப் பூவைக் கரைத்தெடுக்கும் முறை வந்தது. ஈதர் ஆவியான பின் எஞ்சும் மெழுகைத் தொழிலில் கான்கிரீட் என்பார்கள். அதையும் சாராயத்தில் கழுவி, மெழுகை நீக்கி எடுத்தால் கிடைப்பது அப்சல்யூட். மல்லிகையில் ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு ஏறத்தாழ 700 கிலோ பூ, அதாவது அறுபது எழுபது லட்சம் பூ வேண்டும். கொழுப்புத் தட்டுகள் இதன் பிறகு மெல்ல மெல்லப் பரணுக்கு ஏறின.

இன்னொரு பக்கம் பூவே இல்லாத பூவாசனை. 1893இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் டீமானும் க்ரூகரும் அயனோன் என்ற பொருளை உருவாக்கினார்கள். அதில் வயலட் மணந்தது. அதுவரை வயலட் சாரம் பணக்காரர்களின் பொருள். அதன் பிறகு சோப்புக் கடையிலும் கிடைத்தது. 1888இல் ஆல்பர்ட் பாவர் செயற்கைக் கஸ்தூரியைக் கண்டுபிடித்தார். மான் சாகாமலே கஸ்தூரி கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டுப் பெண்ணின் மணிக்கட்டுக்குத் தேவையான சரக்கெல்லாம் இப்படி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது.

கைக்குட்டையிலிருந்து சருமத்துக்கு வாசனை இடம் மாறியதும் பழைய ஒற்றைப் பூச் சாரத்தின் குறை வெளிப்பட்டது. சருமம் சூடானது, அந்தச் சூடு வாசனையைக் கூறுகூறாகப் பிரித்து வெளியேற்றும். ஆரஞ்சுத் தோல், எலுமிச்சை மணம் தரும் சிறிய மூலக்கூறுகள் பதினைந்து இருபது நிமிடத்தில் காணாமல் போகும். பூ மணம் தரும் நடுத்தர எடைப் பொருள்கள் சில மணி நேரம் நிற்கும். சந்தனம், வெனிலா, கஸ்தூரி போன்ற கனமானவை மறுநாள் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே பூவுக்குள்ளேயே இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. மல்லிகையில் பழ இனிப்பைத் தரும் பென்சைல் அசிடேட் 212 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். இன்டோல் 254 டிகிரியில். முன்னது சீக்கிரம் பறக்கும், பின்னது தங்கும். இன்டோலைத் தனியாக முகர்ந்தால் பாச்சை உருண்டை நினைவுக்கு வரும். ஆனால் மல்லிகைக்கு இரவின் கனத்தைத் தருவதே அதுதான். வெறும் மல்லிகைச் சாரத்தை மணிக்கட்டில் தடவிக்கொண்டால் முதலில் கிடைப்பது ஒரு பூ, மூன்று மணி நேரம் கழித்து மிஞ்சுவது வேறொன்று.

ஆகவே சருமத்துக்கு வாசனை செய்கிறவர் ஒரு பூவைக் கொடுத்தால் மட்டும் போதாது. நேரத்தையும் திட்டமிட வேண்டும். எது முதலில் போகும், அது போன இடத்தை எது நிரப்பும், கடைசியில் எது நிற்கும் என்று அடுக்க வேண்டும். ஊபிகான் நிறுவனத்துக்காக ராபர்ட் பியனமே 1912இல் செய்த ‘கெல்க் ஃப்ளர்’ பல பூக்களைப் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகக் கட்டிய ஆரம்பகாலப் பூச்செண்டுகளில் முக்கியமானது. எந்தப் பூ என்று சொல்ல முடியாது, ஆனால் பூதான் என்பதில் சந்தேகமும் வராது.

1921இல் ஷனெல் எண் 5 வந்தது. மாஸ்கோவில் பிறந்த எர்னஸ்ட் போ 1 முதல் 5 வரையிலும் 20 முதல் 24 வரையிலும் எண்ணிட்ட மாதிரிகளைக் கொண்டுபோய் வைத்தார். ஆடை வடிவமைப்பாளர் கேப்ரியேல் ஷனெல் ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தார். அதன் நடுவில் கிராஸ் மல்லிகையும் மே மாத ரோஜாவும் யிலாங்-யிலாங்கும் இருந்தன. அவற்றின்மேல் ஆல்டிஹைடுகள் என்ற செயற்கைப் பொருள்கள், சலவை செய்த துணியும் அணைத்த மெழுகுவர்த்தியும் சேர்ந்தது போன்ற ஒரு பளிச்சென்ற வாசனையைத் தூவின. இயற்கைப் பூ ஏராளமாக இருந்தும் எந்தத் தோட்டத்தையும் நினைவூட்டாத பெர்ஃப்யூம் அது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவுக்குப் போய்விட்ட அதன் முதலாளிகள், வெர்தைமர் குடும்பத்தினர், கிராஸுக்கு ஆள் அனுப்பி மல்லிகை மெழுகை அட்லாண்டிக் கடந்து வரவழைத்தார்கள். அந்த மல்லிகை இல்லாமல் அந்த வாசனை அமையாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பூவின் அளவே விளம்பரமானது ‘ஜோய்’ விஷயத்தில். வால் ஸ்ட்ரீட் சரிவுக்குப் பின் அமெரிக்க வாடிக்கையாளர்களை இழந்த ஆடை வடிவமைப்பாளர் ஷான் பத்து, சிக்கனமாக எதையாவது விற்பதற்குப் பதிலாக, உலகின் விலையுயர்ந்த பெர்ஃப்யூம் என்று அறிவித்து அதைக் கடைக்குக் கொண்டுவந்தார். செய்தவர் ஆன்ரி அல்மேராஸ். 30 மில்லி பாட்டிலுக்கு 10,600 மல்லிகைப் பூவும் 28 டஜன் ரோஜாவும் என்று நிறுவனம் பறைசாற்றியது. நடத்தை நூல்கள் முந்தைய நூற்றாண்டில் எந்த மல்லிகையைக் கண்டித்தனவோ, அதே மல்லிகை இப்போது அந்தஸ்தின் அடையாளம்.

சம்பங்கிக்கு விடுதலை 1948இல் கிடைத்தது. வேதியியல் படித்த ஜெர்மேன் செலியே, ஆண்களே நிறைந்திருந்த அந்தத் தொழிலில் தன் பெயரை நிலைநாட்டிய பெண். ராபர்ட் பிகே நிறுவனத்துக்காக அவர் செய்த ‘ஃப்ரகாஸ்’ சம்பங்கியை வெண்ணெய் போலத் திரட்டி, சத்தமாக, அறை முழுக்க நிரம்பும்படி ஆக்கியது. சம்பங்கியை மையமாக வைத்துப் பின்னால் வந்த பெர்ஃப்யூம் எதையும் அதோடு ஒப்பிடாமல் விடமாட்டார்கள்.

இன்னும் சில பூக்கள் யாருக்கும் அடங்கவில்லை. பள்ளத்தாக்கு லில்லி அதில் முதலாவது. மணி மணியாகத் தொங்கும் அந்த வெள்ளைப் பூவை வடித்தாலும் கரைத்தாலும் தொழிலுக்கு உதவும் சாரம் வராது. ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் தியோருக்கு மிகப் பிடித்த பூவும் அதுதான். கிராஸுக்குப் பக்கத்தில் கப்ரியில் குடியிருந்த எட்மோன் ருத்னிட்ஸ்கா அந்தப் பூவைத் தோட்டத்தில் வைத்து, முகர்ந்து முகர்ந்து, ஹைட்ராக்ஸிசிட்ரோனெலால் உள்ளிட்ட செயற்கைப் பொருள்களால் அதைக் கட்டியெழுப்பினார். 1956இல் ‘தியோரிசிமோ’ வெளிவந்தது. அந்தப் பூவிலிருந்து எடுத்த ஒரு சொட்டும் இல்லாத அதுதான் இன்றுவரை அந்தப் பூவின் மிகச் சிறந்த சித்திரமாகக் கருதப்படுகிறது.

அதற்குச் சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் ஃபிர்மெனிஷ் நிறுவனம் மல்லிகையை ஆராய்ந்து ஹெடியோன் என்ற பொருளைத் தந்தது. ருத்னிட்ஸ்கா அதை 1966இல் ஆண்களுக்கான ‘ஓ சோவாஜ்’ பெர்ஃப்யூமில் முதன்முதலாகப் பெரிய அளவில் பயன்படுத்தினார். மல்லிகையின் கனத்தை எடுத்துவிட்டுக் காற்றை மட்டும் வைத்தது போன்ற மணம் அதற்கு. மற்றப் பூக்களோடு சேர்ந்தால் அவற்றுக்கிடையே இடைவெளி விட்டு விரித்துக் காட்டும். இன்று கடையில் கிடைக்கும் பெண்களுக்கான பூவாசனைகளில் ஹெடியோன் இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அடித்தளத்தில் இயற்கைக் கஸ்தூரிக்குப் பதிலாக, துவைத்த துணியின் சுத்தமான வாசனை தரும் செயற்கைக் கஸ்தூரிகள் வந்தன. பூ மறைந்த பிறகு மாலையில் சேலைத் தலைப்பிலும் சட்டைக் காலரிலும் மிஞ்சி நிற்பது பெரும்பாலும் இவைதான்.

செயற்கைப் பொருள்களுக்கும் ஆயுள் உண்டு என்பது பிறகு தெரிந்தது. பள்ளத்தாக்கு லில்லியின் மணத்துக்குப் பல பத்தாண்டுகள் தூணாக இருந்த லிரால், லிலியால் இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. முன்னது ஒவ்வாமைக்காக, பின்னது இனப்பெருக்க நலனுக்கு ஆபத்து என்று 2022 மார்ச்சில். பழைய பெயரில் அதே பாட்டிலில் வரும் பெர்ஃப்யூம் இருபது வருடத்துக்கு முன் வாங்கியதைப் போல இல்லை என்று வாடிக்கையாளர்கள் சொன்னால் அது பிரமை அல்ல. மூல வாய்பாட்டின்படி செய்த பழைய வாசனைகளை முகர வேண்டுமென்றால் வெர்சாயில் 1990இல் தொடங்கிய ஒஸ்மோதேக் காப்பகத்துக்குப் போகலாம். அங்கே அவற்றை 12 டிகிரி குளிரில், ஆர்கன் வாயு நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

கிராஸின் பூந்தோட்டங்களும் இதற்குள் சுருங்கிவிட்டன. கடற்கரையோர நில விலை ஏறியது, பறிக்க ஆள் கூலி ஏறியது. மல்லிகை இத்தாலிக்கும் மொராக்கோவுக்கும் எகிப்துக்கும் போயிற்று, இந்தியாவுக்குத் திரும்பியது. ஷனெல் நிறுவனம் 1987இல் கிராஸ் அருகே பெகோமாஸில் ஒரு விவசாயக் குடும்பத்தோடு ஒப்பந்தம் போட்டுத் தனக்கான பூவைக் காப்பாற்றிக்கொண்டது. 2018இல் யுனெஸ்கோ கிராஸ் வட்டாரத்தின் வாசனைக் கைத்திறனை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் உலகச் சந்தைக்கான மல்லிகை அப்சல்யூட்டின் பெரும்பகுதி இப்போது எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும்தான் போகிறது.

இந்தியா என்றால் இதில் முதன்மையாகத் தமிழ்நாடு. கோவை, சத்தியமங்கலம், திண்டுக்கல் பக்கத்து ஆலைகளில் பிச்சி, குண்டுமல்லி, சம்பங்கி மூன்றையும் மெழுகாக்குகிறார்கள். உள்ளூரில் இவை சென்ட் ஃபேக்டரிகள். பிச்சியின் மணத்தில் பழச்சாயல் கூடுதல். குண்டுமல்லியில் பச்சை வாசமும் ஆரஞ்சுப் பூவின் சாயலும் தூக்கலாக இருக்கும். கிராஸ் தன் நெடிய வரலாற்றில் பிச்சியையே நம்பியிருந்தது. குண்டுமல்லி பன்னாட்டு பெர்ஃப்யூமில் கதாநாயகியானது பிற்பாடுதான். 2005இல் முக்லேர் வெளியிட்ட ‘ஏலியன்’ அதைச் சுற்றியே கட்டப்பட்டது. 2017இல் ஆல்பர்தோ மோரியாஸ் செய்த ‘குச்சி ப்ளூம்’ சம்பங்கியோடும் மல்லிகை மொட்டோடும் இரங்கூன் மல்லியையும் சேர்த்துக்கொண்டது. மாலையில் வெள்ளையாக விரிந்து, அடுத்தடுத்த நாள்களில் இளஞ்சிவப்பாகவும் சிவப்பாகவும் மாறும் பூக்களைக் கொண்ட அந்தக் கொடி நம் பழைய வீட்டு வாசல்களில் படர்ந்து கிடப்பதுதான். ப்ளூமில் எலுமிச்சை ஆரவாரம் ஏதும் இல்லை; முதல் நிமிடத்திலேயே வெள்ளைப் பூ, மாலை வரை ஏறக்குறைய அதே வெள்ளைப் பூ, கடைசியில் முகப்பவுடர் போன்ற ஒரு மென்மை. ஒற்றைப் பூச் சாரத்தை ஒரே சீராக வைத்துக்கொண்ட கைக்குட்டையின் வேலையை, நூறாண்டு வேதியியலுக்குப் பிறகு, சருமத்தின் மேல் செய்து காட்டும் முயற்சி என்று அதைச் சொல்லலாம்.

தமிழ்நாட்டு ஆலைகளுக்கு ஒரு போட்டியாளர் உண்டு. அப்படியொரு தொல்லை கிராஸுக்கு இருந்ததில்லை. இங்கே பூவை அணியும் இடம் கூந்தல். காலையில் மொட்டாகப் பறித்துக் கட்டிய சரம் மாலையில் தலையிலேயே மலர்ந்து, புதிதாக மணத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும். பாட்டிலால் இருப்பதைச் செலவழிக்க மட்டும்தான் முடியும். ஆலைக்காரர்களும் அந்த மலர்ச்சிக்காகத்தான் காத்திருக்கிறார்கள். பகலில் வாங்கிய குண்டுமல்லி மொட்டைத் தரையில் பரப்பி வைத்து, அது விரிந்த பிறகு இரவில்தான் கரைப்பானில் இறக்குகிறார்கள். முகூர்த்த நாளிலும், பனியால் வரத்துக் குறையும் மார்கழி, தையிலும் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறிவிடும். அந்த விலைக்கு வாங்கி எந்த ஆலையும் மெழுகெடுக்க முடியாது. பங்குனி, சித்திரை பிறந்து செடி கொட்டத் தொடங்கி, சந்தையில் பூ தேங்கி, விலை தரைக்கு வந்த பிறகுதான் நிலக்கோட்டையிலும் சத்தியமங்கலத்திலும் சென்ட் ஃபேக்டரிக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்க ஆரம்பிக்கிறார்கள்.